தியரி படிக்க எங்கே போவது? ஊர்க் கல்லூரி, ஹைதராபாத், தேஸ்பூர், லண்டன்: ஓர் ஒப்பீடு

மே மாதம் கடைசி செமஸ்டர் முடிந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். "சார், தியரி படிக்கணும். எங்க சேரலாம்?" தியரி என்று அவர்கள் சொல்வது இலக்கிய, பண்பாட்டுக் கோட்பாட்டை. பெரும்பாலும் ஆங்கில இலக்கியம் முடித்தவர்கள், தமிழ், வரலாறு, விஸ்காம் படித்தவர்களும் உண்டு. ஃபூக்கோ, ஸ்டூவர்ட் ஹால், ஸ்பிவாக் என்று எங்கோ ஒரு கோட்பாட்டாளரின் பெயர் கண்ணில் பட்டிருக்கும். சினிமாவையும் சாதியையும் வீட்டுச் சமையலறையையும் இப்படிக்கூடப் பார்க்கலாமா என்று அசந்துபோய், அந்த ருசியை விட மனமில்லாமல் கேட்பார்கள். ஆனால் மே மாதத்தில் கேட்டால் பாதி வழிகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். அதனால்தான் டிசம்பரிலேயே இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மாணவி நேரிலேயே வந்தார். கையில் ஃபூக்கோவின் ஓர் அத்தியாயம், ஜெராக்ஸ். ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ். ஓர் இடத்தில் "டிஸ்கோர்ஸ்" என்ற சொல்லுக்கு "சொல்லாடல்" என்று எழுதி அடித்திருந்தார். பக்கத்தில் "பேச்சு?" என்று எழுதி அதையும் அடித்துவிட்டு, கீழே மறுபடி "சொல்லாடல்" என்று எழுதியிருந்தார். அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: ஊரிலேயே எம்.ஏ., மத்தியப் பல்கலைக்கழகம், "பண்பாட்டு ஆய்வு" (கல்ச்சுரல் ஸ்டடீஸ்) என்ற பெயரிலேயே பட்டம், பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ. அன்று அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், மூலத்தைப் படிக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். பாடத்திட்டத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவின் பெயர் எல்லா இடத்திலும் இருக்கும். தெரிதா எழுதியதைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகிறார்களா, அறிமுக நூலின் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்களா என்பதுதான் கேள்வி. அங்கே படிக்கிற சீனியர் ஒருவரிடம் பழைய வினாத்தாளை வாங்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கூட உட்கார்ந்து வாசிக்க ஆள் இருக்கிறதா. கோட்பாடு தனியாகப் படித்துத் தேறுகிற விஷயம் இல்லை. நீங்கள் புரிந்துகொண்டதாக நினைப்பதை எதிரே இருப்பவர் மறுக்க வேண்டும்.

மூன்றாவது, எழுதியதை யாராவது திருத்துகிறார்களா. 2022 விதிமுறைகளோடு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டது. முன்பெல்லாம் ஆய்வு நமக்கு ஒத்துவருமா என்று எம்.ஃபில்லில் பழகிப் பார்க்க முடிந்தது. இப்போது எம்.ஏ. முடித்த கையோடு பிஎச்.டி. அதனால் எம்.ஏ.யில் எழுதும் டெசர்டேஷனே உங்கள் ஒத்திகை.

நான்காவது, சான்றிதழில் அச்சாகும் பாடத்தின் பெயர். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஐந்து வருடம் கழித்துத்தான் வலிக்கும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் நெட் தேர்வுக்கான பாடப் பட்டியலில் ஆங்கிலம் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, ஒப்பிலக்கியம், நாட்டார் இலக்கியம், மகளிரியல், இதழியல் எல்லாம் இருக்கின்றன. "பண்பாட்டு ஆய்வு" என்று தனிப் பாடம் இல்லை. அதே சமயம் ஆங்கில நெட்டின் பத்து அலகுகளில் ஒன்று பண்பாட்டு ஆய்வு, ஒன்று இலக்கிய விமர்சனம், இன்னொன்று இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இலக்கியக் கோட்பாடு. ஆங்கில எம்.ஏ. என்ற பெயருக்குள்ளேயே கோட்பாட்டுக்குப் போதுமான இடம் இருக்கிறது என்று அர்த்தம். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதற்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், பி.எட்.டும் வேண்டும். இளங்கலையில் ஒன்று, முதுகலையில் வேறொன்று என்று கிராஸ் மேஜர் செய்துவிட்டுப் பிறகு அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது பணம். கட்டணத்தோடு விடுதி, மெஸ், ரயில், அந்த வருடங்களில் வராமல்போகும் சம்பளம் எல்லாம் சேர்த்துத்தான்.

| வழி | நுழைவு | காலம் | கட்டணம் | நெட்டில் உங்கள் பாடம் |
|---|---|---|---|---|
| ஊர்க் கல்லூரி | இளங்கலை மதிப்பெண் | 2 ஆண்டு | அரசுக் கல்லூரியில் மிகக் குறைவு, சுயநிதியில் பல மடங்கு | ஆங்கிலம் அல்லது தமிழ் |
| மத்தியப் பல்கலைக்கழகம் | பெரும்பாலும் சியூஇடி பிஜி பொது நுழைவுத் தேர்வு, மார்ச்சில் | 2 ஆண்டு | பல இடங்களில் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள் | ஆங்கிலம், ஒப்பிலக்கியம் |
| பண்பாட்டு ஆய்வுப் பட்டம் | இடத்துக்கு இடம் மாறும் | 2 ஆண்டு | இடத்துக்கு இடம் மாறும் | நேரடிப் பாடம் இல்லை |
| பிரிட்டன் | நேரடி விண்ணப்பம் | 1 ஆண்டு | 20,000 பவுண்டை ஒட்டியும் மேலும் | இணைத்தன்மைச் சான்று பெற்ற பிறகு |

## ஊரிலேயே எம்.ஏ.

நான் எம்.ஏ. படித்தது ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில்தான். கோட்பாட்டுக்கு ஒரே ஒரு தாள். நோட்ஸ் வாசிக்கப்படும், நாங்கள் எழுதிக்கொள்வோம். "அதிகாரம் பற்றி ஃபூக்கோவின் கருத்தை விளக்குக" என்பதற்குப் பதினைந்து மார்க் விடை என்னிடம் தயாராக இருந்தது. ஃபூக்கோ எழுதிய ஒரு பத்தியைக்கூட நான் கண்ணால் பார்த்திருக்கவில்லை. இன்றும் பல கல்லூரிகளில் நிலைமை அதுதான். வாத்தியார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இத்தனை தாள் என்று அவர்கள் கைகளும் கட்டப்பட்டிருக்கின்றன. மறைந்திருக்கும் செலவு இதுதான்: இரண்டு வருடத்தில் நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட யாரும் சிவப்பு மையால் கிழித்துக் காட்டாமல் போகலாம்.

ஆனாலும் இந்த வழியைத் தள்ளிவிட மாட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் கூடி வாசிக்கிறோம். ஒருநாள் பிரெஞ்சு மார்க்சியச் சிந்தனையாளர் அல்தூசரின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரை. தெருவில் போலீஸ்காரர் "ஏய், உன்னைத்தான்" என்று கூப்பிடுகிறார். போகிறவன் திரும்பிப் பார்க்கிறான். திரும்பிய அந்தக் கணத்தில் அவன் அந்த அழைப்புக்கு உரியவனாகிவிடுகிறான் என்கிறார் அல்தூசர். புத்தகக் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், அதுவரை வாயே திறக்காதவர், கேட்டார்: "எங்க ஊர் டீக்கடையில என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க சார். தெருப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. காது கேக்காத மாதிரி நடந்துபோக எட்டாவது படிக்கும்போதே கத்துக்கிட்டேன். திரும்பாதவனுக்கு அல்தூசர் என்ன சொல்றார்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்று இருட்டும்வரை அந்த ஒரு கேள்வியைத்தான் பேசினோம். அல்தூசரின் அந்தக் காட்சியைப் பின்னாளில் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லர் எடுத்துக் கேள்வி கேட்டார். அதற்குப் பக்கத்தில் நிற்கிற கேள்வி இது. அந்த இளைஞர் பட்லரைப் படித்ததில்லை. இப்படிப்பட்ட மாடி ஒன்று உங்கள் ஊரில் இருந்தால், அல்லது நீங்களே நாலு பேரைச் சேர்க்க முடிந்தால், ஊர்க் கல்லூரியின் குறையில் பாதி தீர்ந்துவிடும்.

தமிழ் எம்.ஏ. எடுப்பவர்களுக்கு இன்னொரு பலம் உண்டு. அமைப்பியல், கட்டுடைப்பு, விளிம்புநிலை, பெருங்கதையாடல் என்று இந்தச் சொற்கள் எல்லாம் நாற்பது வருடங்களாகச் சிறுபத்திரிகைகளில் அடிபட்டு, சண்டையிடப்பட்டுத் தமிழுக்கு வந்தவை. எண்பதுகளில் விமர்சகர் தமிழவன் அமைப்பியலை அறிமுகப்படுத்தியதும், தொண்ணூறுகளில் "நிறப்பிரிகை" இதழ் கிளப்பிய விவாதங்களும் தமிழிலேயே நடந்தவை. அந்தப் பழைய இதழ்களைத் தேடிப் படிக்கிற தமிழ் மாணவருக்கு, ஆங்கிலத்தில் மட்டும் படிக்கிறவருக்கு இல்லாத ஒரு வரலாறு கிடைக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் இந்த வட்டாரத்தின் சொத்து.

வீட்டுப் பொறுப்பு இருப்பவர்கள், ஆசிரியர் வேலைக்கு முயல்பவர்கள், நல்ல வாத்தியார் ஒருவரை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டவர்கள் தயங்காமல் ஊரிலேயே சேரலாம். வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைதூரக் கல்வி தரும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆங்கில எம்.ஏ.யில் இலக்கிய விமர்சனமும் கோட்பாடும் ஒரு முழுத் தாள். பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறெங்கு சேர்ந்தாலும் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## மத்தியப் பல்கலைக்கழகம்

முடிந்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் இருக்கின்றன. புதுச்சேரியில் ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் சேர்ந்த எம்.ஏ. டெல்லியில் ஜே.என்.யு. நமக்குப் பக்கத்திலேயே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம். இவை எல்லாவற்றுக்கும் சியூஇடி பிஜி என்ற ஒரே நுழைவு வாசல்: 75 கேள்வி, 90 நிமிடம், தப்புக்கு மார்க் குறையும். தேர்வு மார்ச்சில் என்றால் விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கிலேயே முடிந்துவிடும். மே மாதம் போன் செய்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். சென்னை ஐஐடியில் ஆங்கில ஆய்வுகளுக்கு இரண்டாண்டு எம்.ஏ. இருக்கிறது, அதற்கு கேட் தேர்வின் கலை, சமூக அறிவியல் தாள் (ஹியூமானிட்டீஸ் அண்ட் சோஷியல் சயின்சஸ்) எழுத வேண்டும். அந்த விண்ணப்பம் இன்னும் முன்னதாக, முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வந்துவிடும்.

நான் ஆய்வுக்கு ஹைதராபாத் போன பிறகுதான் ஒரு பக்கத்தை மூன்று மணி நேரம் படிக்கலாம் என்பதைக் கண்டேன். செமஸ்டருக்குத் தாளுக்கு ஒரு டேர்ம் பேப்பர், அது திருத்தி வரும், சில சமயம் "இதை நீ நம்புகிறாயா?" என்று ஓரத்தில் எழுதி வரும். நூலகத்தில் மூல நூல்கள் இருக்கும். ராத்திரி மெஸ்ஸில் கேரளத்துப் பையனும் மணிப்பூர்ப் பெண்ணும் உங்களோடு சண்டை போடுவார்கள். நான் முதலில் சொன்ன மூன்று அளவுகோல்களிலும் இந்த வழிதான் முன்னால் நிற்கிறது, சான்றிதழின் பெயரிலும் சிக்கல் இல்லை, கட்டணமும் பெரும்பாலும் தாங்கக்கூடியது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதல் செமஸ்டர் ஆங்கிலம். நம் பிள்ளைகளுக்குப் படித்தால் புரியும், வகுப்பில் பேச வாய் வராது. டிசம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவர்கள் உண்டு. ஒரு செமஸ்டர் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலோருக்கு அப்புறம் சரியாகிவிடுகிறது. இரண்டாவது செலவு இதைவிட ஆழமானது, மெதுவாக ஏறுவது. வகுப்பில் பேசப்படும் உதாரணங்கள் வங்காளத்திலிருந்தும் இந்தி சினிமாவிலிருந்தும் வரும். நீங்களும் பழகிப்போய் அவற்றையே எழுதத் தொடங்குவீர்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எந்த வீட்டையும் தெருவையும் புரிந்துகொள்ளக் கிளம்பினீர்களோ அவை உங்கள் எழுத்தில் இருக்காது. செமஸ்டருக்கு ஒரு டேர்ம் பேப்பரையாவது தமிழ் விஷயத்தில் எழுதுங்கள், கட்டாயமாக.

சமூக ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியனை இங்கே நினைக்கிறேன். எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி 1992-இல் அவர் எழுதிய புத்தகம், இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியைத் தமிழ்ச் சினிமாக் கொட்டகைக்குள் கொண்டுவந்தது. அவர் படித்தது பொருளியல். முனைவர் ஆய்வு நாஞ்சில்நாட்டு விவசாயம் பற்றியது. பட்டத்தின் பெயர் அவருடைய கேள்வியைத் தடுக்கவில்லை.

## பண்பாட்டு ஆய்வு என்ற பெயரிலேயே

அசாமில் தேஸ்பூர் பல்கலைக்கழகம் பண்பாட்டு ஆய்வில் எம்.ஏ. தருகிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் (டிஸ்) ஊடகமும் பண்பாட்டு ஆய்வும் சேர்ந்த எம்.ஏ.; அங்கே காமிராவும் கையில் கொடுப்பார்கள், கட்டணமும் அதற்கேற்ப மத்தியப் பல்கலைக்கழகங்களைவிட அதிகம். கொல்கத்தா ஜாதவ்பூரின் ஒப்பிலக்கியத் துறை 1956-இல் தொடங்கியது, இந்தியாவில் முதலாவது.

ஆவணப்படம், பத்திரிகை, அருங்காட்சியகம், காப்பகம், தொண்டு நிறுவனம் என்று போக நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டங்கள் நல்ல தேர்வு, முக்கியமாக டிஸ். தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நெட்டை வேறொரு நெருங்கிய பாடத்தில் எழுத வேண்டியிருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் எம்.ஏ. ஆங்கில எம்.ஏ.க்கு இணையா என்ற கேள்வி எழும். அதற்கு இணைத்தன்மை அரசாணை தேட வேண்டியிருக்கும். இளங்கலையும் முதுகலையும் ஆங்கிலமாக இருப்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

## பிரிட்டனில் ஓராண்டு

"பண்பாட்டு ஆய்வு பிறந்த இடத்துக்கே போய்ப் படித்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். பிறந்த இடம் பர்மிங்காம் பல்கலைக்கழகம். ரிச்சர்டு ஹாகர்ட் 1964-இல் அங்கே ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஸ்டூவர்ட் ஹால் அதை உலகறியச் செய்தார். அந்தத் துறையை 2002-இல் மூடிவிட்டார்கள். இப்போதும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பணநெருக்கடியில் இருக்கின்றன. 2025 ஜனவரியில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 400 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. கையேட்டில் அழகாக அச்சிட்டிருக்கும் விருப்பப் பாடம் நீங்கள் போய்ச் சேரும்போது நடக்குமா என்று துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

அதே பர்மிங்காமில்தான் ஈழத்துத் தமிழ் விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் முனைவர் பட்டம் பெற்றார்கள். ஹாகர்ட்டின் மையத்தில் இல்லை. ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க இலக்கிய அறிஞரிடம். சங்கப் பாடலையும் பழந்தமிழ் நாடகத்தையும் அவர்கள் கொண்டுபோனார்கள், சமூக வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும் முறையோடு திரும்பினார்கள். வெளிநாடு போகிறவர்கள் கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு யாரிடம் படிக்கப் போகிறோம், எதைக் கையில் கொண்டு போகிறோம் என்று யோசிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது பணம். கட்டணம் 20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். லண்டனுக்கு வெளியே ஒன்பது மாதச் செலவுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் காட்ட வேண்டும். அந்தப் பணம் வங்கியில் 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு விசா சுமார் 16 மாதத்துக்கு வருவதால் ஒன்றரை ஆண்டுக்கு, 1,164 பவுண்டு கட்டுவீர்கள். எல்லாம் சேர்த்தால் 35 லட்சம் ரூபாயைத் தாண்டும். 35 லட்சத்தைப் பத்தரை சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 47,000 ரூபாய். நெட்டில் ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. தவணையே உதவித்தொகையைவிட அதிகம். படிப்புக்குப் பிறகு அங்கே தங்கி வேலை தேட இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான்.

காலமும் குறைவு. செப்டம்பரில் இறங்கினால் டிசம்பரிலேயே பிஎச்.டி. விண்ணப்பம் எழுத வேண்டும், அப்போது உங்கள் பேராசிரியருக்கு உங்கள் முகம்கூடச் சரியாகப் பதிந்திருக்காது. கடன் வாங்கிப் போகாதீர்கள் என்றுதான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

உதவித்தொகை கிடைத்தால் கதை வேறு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை பெற 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு முயலலாம். தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் வெளிநாட்டு உயர்கல்வி உதவி தருகிறது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று 2022-இல் விதி மாற்றினார்கள். தன் தெருவைப் பற்றி ஆராய நினைக்கும் தலித் மாணவருக்கு நேராக முகத்தில் அறைகிற விதி அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஏற்கெனவே ஒரு எம்.ஏ. முடித்து, சொந்தமாக ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இல்லாமல் அந்தக் கேள்வி நகராது என்ற இடத்துக்கு வந்தவருக்கு இந்த வழி பொன்னானது. இருபத்தொரு வயதில், கேள்வி இன்னும் உருவாகாத நிலையில், அவ்வளவு பெரிய தொகையைக் கட்ட வேண்டாம்.

## அந்த மாணவி என்ன முடிவெடுத்தார்

அப்பா வீட்டில் தறி போட்டிருக்கிறார். கடன் என்ற பேச்சே கூடாது. பி.எட். செய்ய விருப்பமில்லை, ஆய்வுதான் வேண்டும். அதனால் சியூஇடி பிஜிக்கு விண்ணப்பிக்கிறார். ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் என்ற வரிசையில். எதுவும் அமையாவிட்டால் உள்ளூரில் ஆங்கில எம்.ஏ., கூடவே சனிக்கிழமை மாடி. எம்.ஏ. இரண்டாம் வருடத்திலேயே நெட் எழுத அனுமதி உண்டு என்பதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பேசும் தொழிலாளர்களின் சைகை மொழியைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஃபூக்கோவில் சைகைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. போன சனிக்கிழமை அந்த ஜெராக்ஸின் அடுத்த மூன்று பக்கங்களை மாடியில் அவரே வாசித்து விளக்கினார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.